இறைக்கு அஞ்சுதலும் இறையால் அஞ்சாமையும்: சிபில் கார்த்திகேசு வரலாறு



மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கிடத்தும் அச்சம் பிறக்கும் என்பது அவர் வகுத்த முறை. ஈண்டு இறை என்றது நாடாளும் அரசை. அச்சொல்லே கடவுளையும் குறிக்கும் என்பதை நாம் அறிவோம். ஒரு சொல்லின் இவ்விரு பொருளுக்கும் இடையே நின்று அச்சத்தை வென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே நினைவுகூர விழைகின்றோம்.

பேயும் புலியும் திருடரும் நம் தோட்டப்புற முன்னோர்க்குப் புதியவை அல்ல. ஆயினும் நான்காம் அச்சத்தை அவர்கள் முழுமையாக உணர்ந்தது ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில்தான். 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய படை, அடுத்த மாத நடுவிலேயே மலாக்காவைக் கைப்பற்றியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் பணிந்தது. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் திரும்பாதோர் மிகப் பலர். பாயா ரும்புட் போன்ற ஊர்களின் தமிழ்க் குடும்பங்களில், ‘ஜப்பான்காரன் காலம்’ என்றவுடன் முதியோர் குரலைத் தாழ்த்திக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

அவ்வச்சத்தின் நடுவே அஞ்சாது நின்ற ஒருவரைக் காண நாம் மலாக்காவினின்று வடக்கே, பேரா மாநிலத்திற்குச் செல்லல் வேண்டும். அவர் பெயர் சிபில் கார்த்திகேசு. 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில், யுரேசியக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். செவிலியர் பணியும் மகப்பேற்று மருத்துவமும் பயின்றவர். தைப்பிங்கில் பிறந்த தமிழராகிய மருத்துவர் கார்த்திகேசுவை 1919இல், கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில் மணந்தார். மணமகன் சைவக் குடியினர், மணமகள் கிறித்தவர். சமயம் பற்றி எழுந்த தடையைக் கடந்தே அம்மணம் நிகழ்ந்தது. பின்னர் ஈப்போவில், பிரூஸ்டர் சாலையில் இருவரும் மருத்துவமனை நடத்தினர். அம்மையார் காண்டோனீய மொழியைச் சரளமாகப் பேசியமையால் சீன மக்களும் அவரைத் தம்முள் ஒருவராகவே கொண்டனர்.

ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கவே, குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. அங்கே 74ஆம் எண் வீட்டில் அம்மையார் மருந்தகம் நடத்தினார். பகலில் ஊரார் வந்தனர். இரவில், காட்டில் மறைந்திருந்து போரிட்ட மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் காயங்களோடு வந்தனர். காயத்தைக் கழுவிக் கட்டி, மருந்து கொடுத்து அனுப்பினார். வெளிநாட்டுச் செய்தி கேட்பதற்கு விலக்கப்பட்ட சிற்றலை வானொலியையும் வீட்டில் மறைத்து வைத்திருந்தார். அதற்கு அவர்கள் இட்ட மறைபெயர் ‘ஜோசபின்’. இச்செயல்களுள் எது வெளிப்பட்டாலும் தண்டனை என்னவாகும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

1943இல் அது வெளிப்பட்டது. கணவரும் மனைவியும் பிடிபட்டனர். கெம்பித்தாய் என்னும் இராணுவக் காவற்படையினர் அம்மையாரை அடித்தனர், நீரை வலிந்து புகட்டினர், நகங்களைப் பறித்தனர். நடக்கவியலாத அளவிற்கு அவர் முதுகெலும்பு சிதைந்தது. காட்டிலிருந்தோர் பெயர்களை அவர் உரைக்கவில்லை. இறுதியாக, ஏழு வயதளவினளான இளைய மகள் டான் என்பாளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டத் துணிந்தனர். தாய் அப்போதும் வாய் திறக்கவில்லை. குழந்தை உயிர் பிழைத்தாள். தாய் பத்து காஜா சிறைக்கு அனுப்பப்பட்டார்.

இங்கு நாம் சற்று நின்று எண்ணல் வேண்டும். அவருக்கு அச்சமே இல்லை என்று கூறுவது அவரை உயர்த்துவதாகாது; அவர் பட்ட பாட்டைக் குறைத்துவிடும். வதைக்கப்படுவோர்க்கு உடல்நோவினும் பெரிய அச்சம் ஒன்றுண்டு. தம் வாயே பிறரைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்பதே அது. மகளைத் தீயின்மேல் கண்ட தாய்க்கு அச்சம் இல்லாதிருக்க முடியாது. அவ்வேளையில் அவர்க்குப் பற்றுக்கோடாய் நின்றது செபம். நாடாளும் இறையினும் மேலான இறை ஒருவன் உண்டு என்றும், தன் சொல்லுக்கும் மௌனத்திற்கும் அவனிடமே கணக்கு ஒப்புவித்தல் வேண்டும் என்றும் அவர் நம்பினார். அந்நம்பிக்கை அச்சத்தை அழிக்கவில்லை. அச்சத்திற்கு அடிபணியாதிருக்கும் ஆற்றலைத் தந்தது. வதை தாளாது பேசிவிட்டோரைக் கோழையர் என்றோ நம்பிக்கையற்றோர் என்றோ பழிப்பது நமக்குத் தகாது. அவ்விடத்தில் நின்றிராத நாம் அதற்கு உரியோர் அல்லோம்.

தொல்காப்பியர் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்கும் நான்கு நிலைக்களன் கூறுகின்றார்: கல்வி, தறுகண், இசைமை, கொடை. அம்மையார் வாழ்வில் முதற்கண் வந்தது அவர் கற்ற மருத்துவக் கல்வி. அதன்பின் வந்தது, கேட்டோர்க்கெல்லாம் மறாது மருந்தளித்த கொடை. தறுகண்மை இவ்விரண்டின்மேல் எழுந்தது. ஒவ்வோர் இரவும் கதவைத் திறந்த கை, ஒரு நாளில் உறுதி பெற்றதன்று. பல நாட்பயிற்சியால் உறுதி பெற்றது. துணிவு திடீரென வானினின்று இறங்குவதன்று என்பதற்கு இவ்வரலாறு சான்று. செபமும் சேவையும் நாள்தோறும் பழகியவர்க்கே, சோதனை நாளில் அது கைகொடுத்தது.

இசைமை இறுதியில் வந்தது. 1945இல் போர் முடிந்து விடுதலை பெற்ற அவர், சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே தம் நினைவுகளை எழுதினார். அவை 1954இல் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்னும் ஆங்கில நூலாக வெளிவந்தன. வீரத்திற்குரிய ஜார்ஜ் பதக்கமும் அவர்க்கு அளிக்கப்பட்டது. ஆயினும் வதையின்போது தாடையில் ஏற்பட்ட காயம் நஞ்சாகி, 1948 ஜூன் 12ஆம் நாள் தம் 48ஆம் வயதில் மறைந்தார். ஸ்காட்லாந்தின் லானர்க்கில் அடக்கம் செய்யப்பெற்ற உடல், 1949இல் ஈப்போவிற்கு மீட்டுக் கொணரப்பட்டுப் புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கல்லறையில் வைக்கப்பெற்றது. ஈப்போவில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

யுரேசியராய்ப் பிறந்து, தமிழ்ப் பெயரைத் தாங்கி, சீனமொழி பேசி, மலாயா மண்ணிற்காக நொந்தவர் அவர். அவர் காத்தவர்களோ பெரும்பாலும் வேற்றுச் சமயத்தார். அவருடைய நம்பிக்கை தன் சமயத்தாரை மட்டும் காக்கும் வேலியாய் நிற்கவில்லை. நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பெயர் தெரியாமல் அஞ்சாது நின்றோர் பலர் இருந்திருப்பர். அவர்தம் செய்திகளை எஞ்சியுள்ள முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடன். தாழ்ந்த குரலில் அவர்கள் கூறுவதை நாம் உரத்த குரலில் பதிவு செய்வோமாக.