வெள்ள அபாய வரைபடம் (அமெரிக்கா)

அமெரிக்காவில் 1968-இல் உருவான தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்துக்காகக் கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமை வெளியிடும் நிலப்படம். ஓர் ஆண்டில் வெள்ளம் புகும் வாய்ப்பு 1 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள இடங்களை இது உயர் அபாயப் பகுதியாகக் காட்டுகிறது. கேட்கச் சிறிதாகத் தோன்றும் இந்த வாய்ப்பு, 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் நான்கில் ஒன்றைத் தாண்டிவிடும்.

படம் திருத்தப்பட்டு ஒரு வீடு இப்பகுதிக்குள் வந்தால், கூட்டாட்சி மேற்பார்வையிலுள்ள வங்கியில் அதன்மீது அடமானக் கடன் வாங்கியவர் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெள்ளக் காப்பீடு எடுத்தாக வேண்டும். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஈடுசெய்வதில்லை என்பதால் இது புதிய செலவு. பகுதியிலிருந்து நீக்கப்பட்டவருக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் காப்பீட்டைக் கைவிடுவது ஆபத்தானது, கோட்டுக்கு வெளியேயும் வெள்ளம் புகுகிறது. நிலமட்ட அளவீட்டைக் காட்டித் தனி வீட்டுக்கு விலக்குக் கோரலாம். பிரீமியமோ 2021 அக்டோபரிலிருந்து மண்டலத்தைப் பார்த்து அல்லாமல், கட்டடத்தின் உயரம், நீர்நிலையிலிருந்து தொலைவு, மறுகட்டுமானச் செலவு முதலியவற்றைக் கொண்டு கணிக்கப்படுகிறது.