உன் முறை, என் முறை: ஃபைனல் ஃபேன்டஸியின் கதை

பெயரிலேயே "கடைசி" என்று வைத்துக்கொண்டு, முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ கேம் தொடர் ஒன்று உண்டு. அதுதான் ஃபைனல் ஃபேன்டஸி. ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் முதல் ஆட்டத்தை 1987 டிசம்பர் 18 அன்று வெளியிட்டது. பதினாறாவது ஆட்டம் 2023 ஜூன் மாதம் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே குடும்பம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தொடரில் எண் மாறினால் உலகமும் மாறும், நாயகர்களும் மாறுவார்கள். அதை ரசிகர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் ஒரு மாற்றத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை வாக்குவாதம் ஓயவில்லை. சண்டை வரும்போது ஆடுபவருக்கு யோசிக்க நேரம் உண்டா, இல்லையா என்பதுதான் அது.

காகிதத்தில் இருந்து திரைக்கு

ரோல் பிளேயிங் கேம் என்பது கணினியில் பிறந்தது அல்ல. 1974ல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதமும் பகடையும் வைத்து ஆடினார்கள். அதில் ஒருவர் முறை முடிந்த பிறகுதான் அடுத்தவர் முறை. 1981ல் வந்த விசார்ட்ரி போன்ற கணினி ஆட்டங்கள் இந்த வழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தன. 1986ல் டிராகன் குவெஸ்ட் அதை ஜப்பானில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்த ஆண்டே ஹிரோனோபு சகாகுச்சி ஒரு சிறிய குழுவோடு ஃபைனல் ஃபேன்டஸியை உருவாக்கினார். ஈரானில் பிறந்த நாசிர் ஜெபெல்லி நிரல் எழுதினார். நோபுவோ உமட்சு இசையமைத்தார். நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் ஓடிய அந்த ஆட்டத்தில் எதிரிகள் இடப்பக்கம், நான்கு வீரர்கள் வலப்பக்கம். நால்வருக்கும் முதலிலேயே கட்டளை கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு நடப்பதை வேடிக்கை பார்க்கலாம், மாற்ற முடியாது. இரண்டு வீரர்களை ஒரே எதிரி மீது ஏவி, முதல் வெட்டிலேயே அது செத்துவிட்டால், இரண்டாமவர் வெறும் காற்றை வெட்டுவார். ஆகவே எந்த எதிரி எத்தனை அடி தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டியிருந்தது. சதுரங்கம் போல, எவ்வளவு நேரம் யோசித்தாலும் ஆட்டம் காத்திருந்தது.

கடிகாரம் உள்ளே வந்தது

1991ல் வந்த நான்காவது ஆட்டத்தில் அந்தக் காத்திருப்பு உடைந்தது. ஹிரோயுகி இட்டோ என்ற வடிவமைப்பாளர் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வெவ்வேறு வேகத்தில் ஓடும் கார்கள் ஒன்றை ஒன்று முந்துவது போல, வேகமான வீரனுக்கு முறை சீக்கிரம் வந்தால் என்ன? அதில் இருந்து பிறந்ததுதான் ஆக்டிவ் டைம் பேட்டில் என்ற முறை. ஆடுபவர் மெனுவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் எதிரி சும்மா இருக்க மாட்டான். ஐந்தாவது ஆட்டத்தில் (1992) நேரம் நிரம்புவதைக் காட்டும் பட்டையும் திரைக்கு வந்தது. அவசரம் பிடிக்காதவர்களுக்காக, மாயமோ பொருளோ தேர்ந்தெடுக்கும்போது நேரத்தை நிறுத்திவைக்கும் "வெயிட்" என்ற வசதியும் இருந்தது.

1997ல் ஏழாவது ஆட்டம் நின்டெண்டோவை விட்டு சோனியின் பிளேஸ்டேஷனுக்குப் போனது. கார்ட்ரிட்ஜில் அடங்காத காட்சிகளை மூன்று சிடிகளில் அடைத்தார்கள். ஒரு கோடிக்கும் மேல் விற்று, உலகம் முழுக்கத் தொடரின் பெயரைப் பரப்பியது இந்த ஆட்டம்தான். சண்டை விதி பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒரே ஒரு மாயத் தாக்குதலின் காட்சி ஒரு நிமிடத்துக்கும் மேல் ஓடியது. இப்போது ஆட்டம் ஆடுபவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆடுபவர்தான் காட்சி முடியக் காத்திருந்தார்!

பத்தாவது ஆட்டம் (2001) எதிர்த்திசையில் திரும்பியது. கடிகாரத்தைத் தூக்கிவிட்டு, அடுத்து யார் முறை என்ற வரிசையைத் திரையின் ஓரத்தில் காட்டியது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். பாத்திரங்கள் முதன்முதலாகக் குரல் கொடுத்துப் பேசியதும் இதில்தான்.

கட்டளை கை மாறியது

அதன் பிறகு எண்ணிட்ட பெரிய ஆட்டங்களில் தூய முறைச் சண்டை திரும்பவில்லை. 2001ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி திரைப்படம் பெரும் நஷ்டம். 2003ல் ஸ்குவேர், டிராகன் குவெஸ்ட்டை வெளியிட்ட எனிக்ஸோடு இணைந்தது. சகாகுச்சியும் வெளியேறினார்.

2006ல் வந்த பன்னிரண்டாவது ஆட்டத்தின் இயக்குநர்களில் ஒருவர், கடிகாரத்தைக் கொண்டுவந்த அதே இட்டோ. இதில் "கேம்பிட்" என்ற விதிகளை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். கூட்டாளியின் உயிர் பாதிக்குக் கீழே இறங்கினால் மருத்துவ மாயம் செய் என்று ஒரு வரி எழுதிவிட்டால், சண்டை தானாக நடக்கும். யோசனை சண்டைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பதின்மூன்றில் (2009) தலைவன் மட்டும்தான் ஆடுபவர் கையில். பதினைந்தில் (2016) பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாயகன் வெட்டிக்கொண்டே இருப்பான். அதிலும் பழைய ஞாபகமாக ஒரு வசதி வைத்தார்கள்: நாயகன் அசையாமல் நின்றால் நேரமும் நிற்கும்.

பதினாறாவது ஆட்டம் முழுக்க அதிரடி. அதன் சண்டையை வடிவமைத்த ரியோட்டா சுசுகி, டெவில் மே க்ரை என்ற அதிரடி ஆட்டத்தில் பணியாற்றியவர். நிஜம் போன்ற காட்சியில் பாத்திரங்கள் கட்டளைக்காக நிற்பது இளைய ஆட்டக்காரர்களுக்கு ஒட்டவில்லை என்பது தயாரிப்பாளர் நவோகி யோஷிடா பேட்டிகளில் சொன்ன காரணங்களில் ஒன்று. விரல் வேகம் இல்லாதவர்களுக்காக, தானாக விலகிக்கொள்ள உதவும் மோதிரங்களையும் சேர்த்திருந்தார்கள். அதாவது, யோசிக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு மோதிரம்.

பழசு செத்துவிட்டதா?

அதே 2023ல் முறை வைத்து ஆடும் பால்டர்ஸ் கேட் 3 வெளியாகி, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதைத் தட்டிச் சென்றது. 2025ல் ஒரு பிரெஞ்சுக் குழுவின் கிளேர் அப்ஸ்கியூர் என்ற முறை ஆட்டம் அதே விருதைப் பெற்றது. அதன் இயக்குநர் ஃபைனல் ஃபேன்டஸியை ஆடி வளர்ந்தவர். அழகான காட்சியும் முறைச் சண்டையும் ஒன்றாக வாழ முடியாது என்ற வாதம் இதோடு பலவீனமாகிவிட்டது.

ஆனாலும் மாறியதே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு முறையும் தன்னையே கலைத்துக்கொண்டதால்தான் இட்டோவின் கடிகாரமும் கேம்பிட்டும் கிடைத்தன. 2020ல் வந்த ஏழாவது ஆட்டத்தின் மறுஆக்கம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. ஓடி ஓடி அடித்துப் பட்டையை நிரப்ப வேண்டும். கட்டளை மெனுவைத் திறந்தால் நேரம் ஏறக்குறைய நின்றுவிடும். பழைய ரசிகரும் புதியவரும் ஒரே ஆட்டத்தில் உட்கார முடிந்தது.

தொடரைத் தொடங்கிவைத்த சகாகுச்சி என்ன செய்தார்? தன் பழைய ஆறாவது ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்த்துவிட்டு, ஃபேன்டேசியன் என்ற புதிய ஆட்டத்தை 2021ல் வெளியிட்டார். அதில் கடிகாரம் இல்லை, உன் முறை முடிந்தால் என் முறை. 2024 டிசம்பரில் அதன் புதிய பதிப்பை மற்ற கருவிகளுக்குக் கொண்டுவந்த நிறுவனம், அவர் விட்டுவந்த அதே ஸ்குவேர் எனிக்ஸ்தான்.