மூழ்கிய கண்டமும் பிரிந்த கண்டமும்

குமரிக்கண்டத்தைப் பற்றி நாம் வகுப்பறையிற் பேசும்போது மாணவர் முகங்கள் மலர்கின்றன. அம்மலர்ச்சியைக் கெடுப்பது எமது நோக்கமன்று. ஆயினும், இலக்கியம் பேணிவந்த கடல்கோள் நினைவொன்றைப் புவிச்சரிதவியல் நிறுவிய உண்மையெனக் கற்பிக்க எமக்கு உரிமையுண்டா?

1864இல் பிலிப் ஸ்கிலேற்றர் என்னும் விலங்கியலாளர், மடகஸ்காரின் லெமூர்களுக்கு உறவான தேவாங்கு இந்தியாவிலும் வாழ்வதற்குக் காரணங்காட்ட முயன்றார். இரு நிலங்களையும் இணைத்த கண்டம் ஒன்று இருந்திருக்க வேண்டுமென ஊகித்து, அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். நிலம் அசையாதது என்று நம்பப்பட்ட காலத்தில் அது நியாயமான ஊகமே. பின்னர் தமிழறிஞர் சிலர் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்தனர். விஞ்ஞானம் அவ்வூகத்தைக் கைவிட்ட பின்னரும் நம்மிற் பலர் அதனைக் கைவிடவில்லை.

விஞ்ஞானம் அதனைக் கைவிட்டது ஏன்? நிலம் மூழ்கவில்லை, பிரிந்து நகர்ந்தது. குளோசோப்டெரிஸ் என்னும் தொல்தாவரத்தின் இலைச்சுவடுகள் தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, இந்தியா, அவுஸ்திரேலியா எங்கும் கிடைத்தன. 1912இல் தென்துருவத்திலிருந்து மீளும் வழியில் மாண்ட ஸ்கொட் குழுவினர், இறுதிவரை இழுத்துவந்த சுமார் 16 கிலோகிராம் பாறைத்துண்டுகளிலும் அவ்விலை இருந்தது. இந்நிலங்கள் ஒன்றாயிருந்த பெருங்கண்டம், மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பிரதேசத்தின் பெயரால் கொண்டுவானா எனப்படுகிறது. அதே 1912இல் கண்டங்கள் நகர்ந்தன என்று அல்பிரட் வெக்னர் கூறினார். நகர்த்திய விசை யாதென அறிஞர் வினவினர். அவரிடம் தக்க விடை இருக்கவில்லை. 1930இல் கிறீன்லாந்துப் பனியில் அவர் மாண்டார்.

விடை எமது காலடியிலேயே இருந்தது. புவியோட்டின் கீழ், ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை பரந்துள்ள இடையோடு திண்மமானது. எனினும், நெடுங்காலப் போக்கில் மெல்ல இழைந்தோடுவது. கதிர்த்தொழிற்பாட்டின் வெப்பத்தால் அங்கே மேற்காவுகை ஓட்டங்கள் எழுந்து கண்டங்களை நகர்த்துகின்றன என்று ஆதர் ஹோம்ஸ் 1931இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் இடம் மறுக்கப்பட்ட மேரி தார்ப், பிறர் கொணர்ந்த ஆழ அளவீடுகளைக்கொண்டே, அத்திலாந்திக் நடுமலைத்தொடரின் உச்சியிற் பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதை 1952இற் கண்டார். பெண்பிள்ளைப் பேச்சு என்று அது முதலில் ஒதுக்கப்பட்டது. கடற்றளம் விரிகின்றது என்பதைப் பின்னர் உலகம் ஏற்றது.

கடற்றளப் பாறைகளிற் பெரும்பாலானவை 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டவை. அதற்கு முந்திய வரலாற்றைக் கண்டப் பாறைகளிலேயே படிக்க வேண்டும். எரிமலைக்குழம்பு ஆறும்போது அதிலுள்ள காந்தக் கனியங்கள் அக்காலப் புவிக்காந்தத்தின் திசையைப் பதித்துக்கொள்கின்றன. அதன் சாய்விலிருந்து பாறை பிறந்த அகலக்கோடு புலனாகும். சிர்க்கன் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவு வயதைக் கூறும். பிரிந்த கண்டங்களின் மலைத்தொடர்கள் ஒன்றோடொன்று பொருந்துவதும் சான்றாகும். இவ்வாறே, சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பன்ஜியாவுக்கு முன்னர், ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் ரொடீனியாவும், அதற்கும் முன்னர் நூனாவும் இருந்தன என அறிகிறோம்.

பெருங்கண்டத்தின் விளிம்புகளிற் குளிர்ந்த கடற்றளம் இடையோட்டினுள் அமிழ்கிறது. கண்டத்தின் அடியில் வெப்பம் மேலெழுந்து அதனைப் பிளக்கிறது என்பது இன்று பலரும் கொள்ளும் கருத்து. இடையோட்டின் அடியில், ஆபிரிக்காவின் கீழும் பசிபிக்கின் கீழும், பூமியதிர்ச்சி அலைகள் தளர்ந்து செல்லும் இரு பெரும் பகுதிகள் உள. அவற்றுக்கும் பெருங்கண்டங்களுக்குமுள்ள உறவு பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

எமது மலைநாட்டுப் பாறைகளும் இவ்வரலாற்றின் ஏடுகளே. ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா கூடியபோது, ஆழத்தில் வெந்து உருமாறிய இவற்றுக்குத் தென்னிந்தியாவிலும் மடகஸ்காரிலும் அந்தாட்டிக்காவிலும் உறவுண்டு. கொண்டுவானா பிரிந்த காலத்தில் மனிதனே தோன்றவில்லை. பனியூழி முடிவில் கடல் சுமார் 120 மீற்றர் உயர்ந்து கரையோர நிலங்களைக் கொண்டது உண்மை. கடல்கோள் நினைவுக்கு அது ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் அது கண்டமன்று.

தமிழின் பெருமைக்கு மூழ்கிய கண்டம் தேவையில்லை. வெக்னரிடம் கேட்கப்பட்ட கேள்வி நேர்மையானது; தார்ப்பை ஒதுக்கிய சொல் நேர்மையற்றது. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மாணவர் உணரச் செய்வோமாயின், சான்று கேட்கும் துணிவு அவர்களிடம் தானே வளரும்.