இதுவும் ஒரு பழங்கற்படி



பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் செம்பியன் மாதேவி என்றால் நெற்றி நிறைய விபூதியுடன் மகனுக்கு அரசு வேண்டாம் என்று தடுக்கும் தாய் நினைவுக்கு வருவார். அது கல்கியின் கற்பனை கலந்த சித்திரம். கல்வெட்டுகள் காட்டும் அம்மையார் அதைவிடப் பெரியவர்.

மழவரையர் குலத்துப் பெண். கண்டராதித்த சோழரின் தேவி. ஏறத்தாழ 957இல் கணவர் மறைந்தபோது மகன் சிறுவன். ஆட்சி கொழுந்தன் அரிஞ்சயனுக்கும், பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்கும் போனது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். அதற்குப் பின் மகன் உத்தம சோழன் அரியணை ஏறினான். அவனுக்குப் பிறகு 985இல் ராஜராஜன் வந்தார். இத்தனை மாற்றங்களிலும் அம்மையாரின் திருப்பணி நிற்கவில்லை. யார் அரசரானாலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

கோனேரிராஜபுரம், விருத்தாசலம், குத்தாலம், ஆடுதுறை என்று பல ஊர்களில் அவர் எழுப்பிய கற்றளிகள் இன்றும் நிற்கின்றன. கருவறைப் புறச்சுவரின் கோட்டத்தில் ஆடவல்லானை வைக்கும் வழக்கம் இவர் கோயில்களில்தான் நிலைபெற்றது. சோழர் செப்புத் திருமேனிக் கலை செழித்ததும் இவர் காலத்தில். கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் லிங்கத்தை வணங்கும் சிற்பத்தையும் வைத்தார். பணியைச் செய்து முடித்த ஆலத்தூர் சாத்தன் குணபத்தன் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. வேலை செய்தவனை மறக்காத அரசி!

எனக்கு மிகவும் பிடித்தது திருக்கோடிகாவல். அந்தக் கோயிலைப் புதிதாகக் கல்லால் கட்டியபோது, பழைய கற்களில் முன்னோர் செய்த தானங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பல்லவர் காலத்துச் சாசனங்களும் அவற்றில் உண்டு. அவை வேறு வம்சத்தார் காலத்தவை என்று அம்மையார் தள்ளிவிடவில்லை. ஒவ்வொன்றையும் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தார். "இதுவும் ஒரு பழங்கற்படி" என்ற குறிப்பும் சேர்ந்தது. அதாவது இது பழைய கல்லின் நகல். எப்போதோ ஒருவர் விளக்கெரிக்கக் கொடுத்த ஆடும் பொன்னும் நிலமும் அதனால் கணக்கில் நின்றன. மூலக்கல் போனாலும் செய்தி நமக்குக் கிடைத்தது.

செம்பியன் மாதேவி என்ற ஊரில் 1019இல் ராஜேந்திர சோழர் இந்த அம்மையாருக்குப் படிமம் எடுத்தார். சித்திரைக் கேட்டையில் அங்கே அவர் பிறந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இன்று திருப்பணி என்றால் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் பெயிண்டும் பூசுகிறோம். எழுத்துள்ள கல்லைப் பெயர்த்துப் படிக்கட்டாகப் போடுகிறோம். பக்தியில் குறை இல்லை, படிக்கும் பழக்கம்தான் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அம்மையாருக்குத் தெரிந்தது நமக்கு மறந்துபோனது.

உங்கள் ஊர்க் கோயிலில் அடுத்த திருப்பணி தொடங்கும் முன், சுவரில் உள்ள எழுத்துகளைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். அதுவும் ஒரு பழங்கற்படிதான்.