மானுக்கும் மானத்துக்கும் உறவில்லை

சிங்கைத் தேக்காவில் நண்பர் வீட்டுப் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் ஸ்டூடியோவில் எடுத்தவை: வரைந்த திரைச்சீலை, பூந்தொட்டி, விறைத்து நிற்கும் பெரியவர்கள். ஒன்று மட்டும் வெட்டவெளியில் எடுத்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே துப்பாக்கியோடு மூன்று பேர், காலடியில் செத்த மிருகம். பின்பக்கம் மங்கிய மையில் 'மான் வேட்டை' என்று இரண்டே சொல். ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை. உடனிருந்த தமிழன்பர், "மானம் உள்ள பிராணி, அதனால் மான். வள்ளுவரே கவரிமானைப் பாடியிருக்கிறாரே" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். இப்படித் தலையாட்டியே, தேக்கு மரம் நின்ற இடம் தேக்கா என்ற கதையும் இங்கே நிலைத்துவிட்டது. அது ஹொக்கியன் சொல். சிறுமூங்கில்களின் அடி என்று பொருள்.

வள்ளுவர் பாடியது கவரிமா. கவரிமான் என்பதன் ஈற்றிலுள்ள னகரம் பிற்காலத்தார் ஒட்டியது. கவரி எங்கே வாழ்ந்தது என்பதிலும் ஐயமில்லை. புறநானூற்றில் முடமோசியாரும் பதிற்றுப்பத்தில் குமட்டூர்க் கண்ணனாரும் அதை இமயத்தோடு சேர்த்தே பாடுகிறார்கள். யாக் என்று இன்று நாம் அறிந்த சடைமாடு அது. மயிர் போனால் பனியில் பிழைக்காது. ஒரு மயிர் உதிர்ந்தாலும் மானத்தால் உயிரை விடும் என்கிறார்களே, அந்தத் தற்கொலைக்கு இதில் இடமே இல்லை. வள்ளுவருக்கு உண்மையிலேயே மான் தேவைப்பட்ட இடம் தகையணங்குறுத்தல் அதிகாரம். அங்கே அவர் எடுத்த சொல் பிணை, அதாவது பெண்மான்.

மான் பிறந்தது மாவிலிருந்து. மா என்றால் விலங்கு, எந்த விலங்கானாலும். அரிமா சிங்கம், கைம்மா யானை, ஆமா காட்டுப்பசு. ஆ, மா என்னும் இரு சொல்லும் வேற்றுமைப் புணர்ச்சியில் னகரம் ஏற்கும் என்று தொல்காப்பியர் உயிர்மயங்கியலில் விதித்திருக்கிறார். ஆன்கோடு, மான்கோடு என்று உரையாசிரியர்கள் காட்டு தருகிறார்கள். இடையில் வந்த அந்த னகரம் சொல்லோடு தங்கிவிட்டது. ஆ ஆனாயிற்று, கோ கோனாயிற்று, மா மானாயிற்று. இதற்குமேல் என்ன வேண்டும்?

மருண்டு நோக்குவதால் மான் என்பாரும் உண்டு. முயலும்தான் மருள்கிறது. சேரமான், மலையமான், பெருமான் என்று ஒரு பட்டியல் நீட்டுவோர்க்கு ஒரே வரி: அவை மகன் மருவியவை, காட்டுப் பக்கமே போகாதவை. மாடும் மாவழி வந்ததா என்று கேட்டார்கள். குறளில் மாடு செல்வம். பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இருக்கும் இந்தப் பேட்டையில், ஒரு காலத்தில் மாட்டு வணிகத்தில் செழித்த இடத்தில், அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனாலும் அதற்கு இங்கே விடை சொல்ல மாட்டேன்.

எல்லா விலங்கையும் குறித்த சொல் ஒரு விலங்குக்குச் சுருங்கியது தமிழில் மட்டும் நடந்ததல்ல. வடமொழி மிருகம் முதலில் காட்டு விலங்கு, பிறகு மான். நாம் அதைக் கடன் வாங்கியபோது பொதுப்பொருளே பெரிதாக நின்றது. மலாயில் காட்டுயிர்களைக் குறிக்கும் மர்காசத்வாவிலும் அதே மிருகம் இருக்கிறது. ஆங்கில டீர் என்பதும் பழங்காலத்தில் எந்த விலங்குக்கும் பெயர். ஜெர்மானியர் டீர் என்றால் இன்றும் அப்படித்தான்.

தமிழில் எப்போது சுருங்கியது? சங்கப் புலவர் பரணர் வள்ளல் பேகனைக் கலிமான் பேகன் என்கிறார். அது குதிரை. அதே பாட்டில்தான் மயிலுக்குப் போர்த்திய படாஅமும் வருகிறது. துணியைக் குறித்த படம் பிறகு துணியில் தீட்டிய ஓவியமாகி, இன்று போட்டோவாகிவிட்டது. அதையும் நாம் பிடிக்கிறோம், மீனையும் முயலையும் பிடிப்பதுபோல. ஆங்கிலேயரின் ஸ்னாப்ஷாட்டும் வேட்டைச் சொல்லே: நின்று குறிபார்க்காமல் சட்டெனச் சுடுவது. பீட்டர் ஹாக்கர் என்ற வேட்டைப் பிரியரின் 1808ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இருந்ததை, 1860இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் படக்கலைக்குக் கொண்டுவந்தார்.

பரணரின் மான் குதிரை என்றால், கோவூர் கிழாரின் மான் வேறு. புறநானூறு 33இல் வேட்டுவன் வட்டி என்னும் கூடையில் மான்தசை கொண்டுவந்து கொட்டுகிறான், ஆய்மகள் தயிர் கொண்டுவருகிறாள், உழவர் வீட்டில் நெல் வாங்கிப் போகிறார்கள். இங்கே யாரும் குதிரை என்று உரை எழுதவில்லை. அரசனின் தேர்முன் நின்றால் குதிரை, வேட்டுவன் வட்டியில் கிடந்தால் இன்றைய மான்.

அந்தப் படத்து மிருகத்துக்கு வருவோம். கொம்பு ஒரு சாண்கூட இல்லை, உடம்பும் சிறியது. கடமான் அல்ல. மலாய்க்காரர் கிஜாங் என்பார்கள், நம் மலைவாசிகள் கேளையாடு என்பார்கள். மலாயில் பெரியது ரூசா, இது கிஜாங், முயலளவே உள்ளது கன்சில் அல்லது பிலாண்டோக். பிந்தான் தீவில் கிஜாங் என்று ஓர் ஊரே இருக்கிறது. பழைய மலாய் நூலான செஜாரா மெலாயு சொல்லும் கதையில் ஸ்ரீ திரி புவனா என்ற சாங் நீல உத்தமன் வேட்டையாடியது அந்தத் தீவுப் பக்கம்தான். ஈட்டி பட்டுத் தப்பிய மானைத் தொடர்ந்து போய்க் கொன்றபின் ஒரு பெரும்பாறையில் ஏறுகிறான். கடலுக்கு அப்பால் வெண்மணற்கரை தெரிகிறது. அது தெமாசெக். கடல் கடந்தவன் அங்கே ஒரு விசித்திர விலங்கைக் கண்டு சிங்கம் என்று கேள்விப்பட்டு ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயரிட்டான். சிங்கை என்ற பெயருக்கு முன்னால் ஒரு மான் செத்துக் கிடக்கிறது.

அந்தச் சிங்கையில் கிஜாங் இன்று இல்லை. கடமானையும் சுட்டே தீர்த்தார்கள். இப்போது மண்டாய்ப் பக்கம் காட்டில் தென்படுபவை 1970களில் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை. பெரிய சருகுமான் ஒழிந்துபோனது என்று நினைத்திருந்தார்கள். புலாவ் உபினில் அது மீண்டும் தென்பட்டதை 2009இல் அறிவித்தார்கள். கடமானை ஆங்கிலத்தில் சாம்பர் என்று படித்துவிட்டு நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இட்லிக்கு ஊற்றுவதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது வடநாட்டுச் சொல்.

மலாயில் மூன்று பெயர் நிலைக்கத் தமிழில் ஏன் ஒன்றே மிஞ்சியது என்பார்கள். நம்மிடமும் இருந்தன: உழை, நவ்வி, புல்வாய், மரை. மரபியலில் இவற்றுக்கு உரிய ஆண், பெண், குட்டிப் பெயர்களைத் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். அவை காட்டில் திரிந்தவன் சொற்கள். சுவடும் கொம்பும் பார்த்துத் தொடர்பவனுக்கு நவ்வி வேறு, உழை வேறு. தோல் உரித்துத் துண்டமாக வட்டியில் வந்தபின் நெல்லை அளந்து கொடுப்பவனுக்கு எல்லாம் மான்தசை. ஆகவே மாவை மானாகச் சுருக்கியவன் வேட்டுவன் அல்லன், வாங்கித் தின்றவன் என்பதே என் முடிபு. மரபியலையும் புறநானூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்க்கு அது தானே விளங்கும்; படிக்காதவர்கள் கவரிமானோடு இருக்கட்டும்.