ஸ்காட், வால்டர் (1771–1832): எல்லைநாட்டு எழுத்தாளர்

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லைப் பகுதியின் வரலாற்றை இலக்கியமாக்கியவர். உலகம் இவரை நாவலாசிரியராகவே அறியும். ஆனால் அந்த நாவல்களுக்கு அடியுரம், ஊர் ஊராகப் போய்க் கேட்டுச் சேர்த்த பாடல்களும் கதைகளுமே. எல்லைநாட்டின் ஊர்ப் பந்தாட்டம் ஒன்றை முன்னின்று நடத்தி அதற்குப் பாட்டும் கட்டியவர்.

எடின்பரோவில் 1771 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தார். ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் வலது காலை முடமாக்கியது. அது இளம்பிள்ளை வாதம் என்பது பிற்காலத்தவர் கருத்து. உடல் தேறட்டும் என்று தாத்தாவின் சாண்டிநோ பண்ணைக்கு அனுப்பிவைத்தார்கள். பண்ணையை அடுத்த பாறைமேல் ஸ்மெய்லம் என்னும் பழைய காவல் கோபுரம் நின்றது. பாட்டியும் ஜேனட் அத்தையும் சொன்ன கொள்ளைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தார்.

கதைக்குப் பஞ்சமில்லாத மண் அது. இரு அரசுகளும் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்ட அந்தப் பகுதியில் விதைத்தவன் அறுப்பான் என்ற உறுதி இருந்ததில்லை. ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம், ஸ்காட் முதலிய குடிகள் இரவில் குதிரையேறிப் போய் ஆநிரை கவர்ந்தே பிழைத்தன. 1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரான பிறகே இது ஒடுக்கப்பட்டது. ஸ்காட்டின் மூதாதை ஹார்டன் வாட் இந்தத் தொழிலில் பேர்போனவர். வீட்டில் இறைச்சி தீர்ந்துவிட்டால், அவர் மனைவி மூடிய தட்டில் குதிமுட்களை வைத்து முன்னால் கொண்டுவருவாளாம்; கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கால் ஊனம் ஸ்காட்டின் நடையைத் தடுக்கவில்லை. இளமையில் ஒரே நாளில் 20 முதல் 30 மைல் வரை நடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் நாள்கணக்கில் சுற்றிவிட்டு வந்த மகனைப் பார்த்து, தெருத்தெருவாகப் பிடில் வாசிக்கத்தான் நீ லாயக்கு என்று தந்தை கடிந்துகொண்டார். 1792இல் வழக்கறிஞரானார். அந்த ஆண்டு தொடங்கி ஏழு ஆண்டுகள், ராபர்ட் ஷார்ட்ரீட் என்ற நண்பருடன் லிடிஸ்டேல் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தார். வண்டி போகும் பாதையோ தங்கும் விடுதியோ அங்கே கிடையாது. மேய்ப்பர் குடிசையில் ஓர் இரவு, பாதிரியார் வீட்டில் ஓர் இரவு என்று கிடைத்த இடத்தில் தங்கி, முதியவர்கள் பாடியதையெல்லாம் கேட்டுத் திரட்டினார்.

அதன் விளைச்சல் ‘மின்ஸ்ட்ரல்சி ஆஃப் த ஸ்காட்டிஷ் பார்டர்’ என்னும் தொகுப்பு. முதல் இரண்டு தொகுதிகள் 1802இல் கெல்சோ என்ற எல்லையூரில் அச்சாயின. மூன்றாவது 1803இல் வந்தது. தொகுப்புக்குத் தோள்கொடுத்தவர்களில் ஜான் லெய்டன் குறிப்பிடத்தக்கவர். பழைய பாடல் ஒன்றின் பாதி மட்டுமே கிடைத்திருந்தது. மீதி ஒரு முதியவரிடம் இருப்பதறிந்து 40 மைலுக்கு மேல் நடந்து போனார் லெய்டன். இரண்டு நாள் கழித்துத் திரும்பியவர், ஸ்காட் விருந்தினரோடு அமர்ந்திருந்த வீட்டுக்குள் அந்தப் பாட்டை உரக்கப் பாடியபடியே நுழைந்தார். 1803இல் மருத்துவராகச் சென்னை வந்து பொது மருத்துவமனையில் பணியாற்றியவரும் இவரே. 1811இல் ஜாவாவில் இறந்தார்.

தொகுப்பின்மேல் அன்றே ஒரு குறை எழுந்தது. ஜேம்ஸ் ஹாக் என்ற மேய்ப்பக் கவிஞரின் தாய் மார்கரெட் லெய்ட்லா, இந்தப் பாடல்கள் பாடுவதற்கானவை, அச்சேற்றிக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஸ்காட்டிடமே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. விட்டுப்போன அடிகளை ஸ்காட் தன் கைச்சரக்கால் நிரப்பினார். கார்லைல் கோட்டையிலிருந்து 1596இல் கைதி மீட்கப்பட்டதைப் பாடும் ‘கின்மண்ட் வில்லி’யில் பெரும்பகுதி அவருடையதே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஆனால் அவர் போய்க் கேட்டிராவிட்டால் பல பாடல்கள் பாடியவர்களோடு மண்ணாகியிருக்கும்.

1799 முதல் செல்கர்க் மாவட்டத்தின் ஷெரிஃபாக இருந்தார். அந்த மாவட்டத்தில்தான், எட்ரிக், யேரோ ஆறுகள் கூடும் கார்ட்டர்ஹா வெளியில், 1815 டிசம்பர் 4 அன்று பெரும் பந்தாட்டம் நடந்தது. ஒருபக்கம் ஸ்காட்டின் ஆதரவு பெற்ற செல்கர்க் நகரத்தார். மறுபக்கம் ஹ்யூம் பிரபு தலைமையில் யேரோ மேய்ப்பர்கள். நகரத்தார் ஃபிர் மரக் கொழுந்தும் மேய்ப்பர்கள் ஹெதர் பூங்கொத்தும் அடையாளமாக அணிந்தனர். பக்லூ குடியின் பழைய போர்க்கொடியை ஸ்காட்டின் மகன் குதிரைமேல் ஏந்திவந்தான். பக்லூ கோமகன் பந்தை வீசித் தொடங்கிவைத்தார். முதல் ஆட்டத்தை ஒன்றரை மணி நேரத்தில் செல்கர்க் வென்றது. இரண்டாவது மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்து யேரோவுக்குப் போனது. மூன்றாவதற்கு, வெளியூர்களிலிருந்து வந்து கலந்தவர்களைச் சமமாகப் பிரிக்க முடியவில்லை, பொழுதும் சாய்ந்துவிட்டது. பக்கத்துக்கு 100 பேரைப் பொறுக்கி மறுபடி மோதலாம் என்று ஸ்காட் அறைகூவினார். அவரும் ஹாக்கும் எழுதிய பாட்டுகள் ‘எட்ரிக் கார்லண்ட்’ என்ற பெயரில் அச்சாயின.

கொடியும் பாட்டும் ஸ்காட்டின் ஏற்பாடு என்றாலும், மைதானத்தில் பொங்கிய ஊர்ப்பகையை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஊர்களுக்கிடையே பந்தாட்டம் வைப்பதுகூட எப்போதும் பாதுகாப்பானதல்ல, பழைய குடிப்பகை கிளம்பிவிடும் என்று 1817இல் விருந்தினராக வந்த அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கிடம் ஸ்காட் சொன்னார்.

‘வேவர்லி’ (1814) தொடங்கி நாவல்கள் வரிசையாக வந்தன. ‘கை மேனரிங்’ (1815) நாவலின் டாண்டி டின்மண்ட் என்ற விவசாயி, லிடிஸ்டேல் பயணங்களில் கண்ட மனிதர்களின் வார்ப்பு. 1826இல் பதிப்புத் தொழில் நொடித்துப் பெருங்கடன் சேர்ந்தது. எழுதியே அடைக்க முயன்று உடல் நைந்தார். 1832 செப்டம்பர் 21 அன்று, ட்வீட் ஆற்றங்கரையில் தானே கட்டிய அபட்ஸ்ஃபோர்டு மாளிகையில் இறந்தார்.

பாடல்களைச் சேர்த்தபோது வந்த கையெழுத்துத் தாள்களை அவர் எறிந்துவிடவில்லை. அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தன் பெருந்தொகுப்புக்கு (1882–1898) அபட்ஸ்ஃபோர்டிலிருந்த அந்தத் தாள்களைப் பயன்படுத்தினார். பல பாடல்களில் எது மக்கள் பாடியது, எது ஸ்காட் ஒட்டியது என்று பிரித்தறிய அவையே உதவுகின்றன.