கேமரா பார்க்காத பக்கம்

ஸ்டார் ட்ரெக் தொடரில் வந்த எண்டர்பிரைஸ் விண்கலத்துக்கு இடப்பக்கம் முழுசாகக் கிடையாது. மாட் ஜெஃப்ரிஸ் வடிவமைத்த கலத்தின் 11 அடி மாதிரியில் விளக்குகள் பொருத்தியபின், வலப்பக்கத்திலிருந்தே படம்பிடித்தார்கள். இடப்பக்கம் வயர்கள் போன வழி.

விமானத் துறையில் வடிவமைப்பாளராக இருந்த ஃபிரான்ஸ் ஜோசப், கலத்தின் ஒவ்வொரு தளத்தையும் கையால் வரைந்தார். 1975-இல் அது 12 தாள்களாக வெளியானது. திரையில் வராத அறைகளுக்கும் அதில் சுவர் உண்டு, கதவு உண்டு.

அவர் பேப்பரில் செய்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆட்டோகேடில் செய்கிறேன். நீளம் 947 அடி என்று போட்டுவிட்டால் அப்புறம் மழுப்ப முடியாது. அறை இடித்தால் இடித்ததுதான். ஆபீசில் அப்படியில்லை. டெமோவில் தெரிவதை மட்டும் முடித்துக் கொடுத்திருக்கிறேன். "பின்னாடி யாரு சார் பார்க்கப்போறா?" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் இடப்பக்கத்து ஜன்னல்களை வரைந்து முடித்தேன்.